தூங்காத வண்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே சௌக்கியமில்லாமல் இருந்தது கார் ஒன்றுதான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளும், நின்றுகொண்டே படிக்காமல் உட்கார்ந்து படி.

மூன்றாவது முறையாக பேட்டரி செத்துப்போனபோது நீ தொலைபேசியில் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. அம்மா, நீ லைட்டை அணைக்க மறந்துடறே, அடுத்த லீவுக்கு வரும்போது வண்டியை வித்துடலாம் என்றாய். கூடவே, கண் ஆஸ்பத்திரியில எதுக்கு ரெண்டு மணி நேரம் இருந்தே என்றும் கேட்டாய். நான் யாரிடமும் சொல்லவில்லையே என்று யோசித்து, உன் அத்தை உளறியிருப்பாள் என்று விட்டுவிட்டேன். அத்தையோ உன் பேச்சுக்கு ஒத்து ஊதினாள், ஆமா அண்ணி, போன வாரம் கண்ணாடியை நெத்தியில வெச்சுக்கிட்டே வீடெல்லாம் தேடினீங்களே என்று. கண்ணாடியை யார் வேண்டுமானாலும் தேடலாம். ஆனால் மறதிக்காரி என்று ஒரு தடவை பெயர் வைத்துவிட்டால் இன்றைக்குக் கார் சாவி போகும், நாளைக்கு பீரோ சாவி, அப்புறம் அடுப்புப் பக்கம் போகாதே என்பீர்கள். அதனால் மறப்பது நானா, காரா என்று பார்த்துவிடுவது என்று இறங்கினேன். கான்வென்ட்டில் கணக்கு எடுத்த சிஸ்டர், விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாவிட்டால் சுழி போடுவார். ஆகவே வழியையும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு போட்டேன். காரை நிறுத்தும்போதெல்லாம் விளக்கு அணைத்தாயிற்று, கதவு நான்கும் சாத்தியாயிற்று என்று நேரத்தோடு குறித்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் வீட்டுக்குள் போவேன். நான்கு வாரம் கழித்துப் புரட்டினால் ஒரு வேடிக்கை. நான் வண்டி எடுப்பது செவ்வாயும் வெள்ளியும். வெள்ளிக்கிழமை ஒரு நாளும் தகராறு இல்லை, செவ்வாய்க்கிழமைதான் சாவியைத் திருப்பினால் பல்லி மாதிரி டிக் டிக் என்கிறது. செவ்வாயிலிருந்து வெள்ளிக்கு மூன்று நாள், வெள்ளியிலிருந்து செவ்வாய்க்கு நான்கு நாள். மறதிக்குக் கிழமை தெரியுமா? உள்ளே ஏதோ ஒன்று தினமும் ஒரே அளவு குடிக்கிறது என்று அப்போதே பட்டுவிட்டது. டிக்கி விளக்கின் மேல் சந்தேகம் வந்து, என் போனைப் படம் பிடிக்க விட்டு உள்ளே வைத்து மூடினேன். விளக்கு ஒழுங்காக அணைந்திருந்தது. நடுவில் உன் அத்தை அழைத்து டிக்கி பாட்டுப் பாடியதுதான் மிச்சம்.

பிறகு ஆட்டோ எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். வந்ததும் வராததுமாக, பேட்டரி போச்சும்மா, புதுசு போட்டுடலாம் என்றார். போட்டு எட்டு மாதம்தான் ஆகிறது, அளந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்றேன். வண்டியை ஓடவிட்டுப் பார்த்தார், பதினான்கு வோல்ட், சார்ஜ் நன்றாகவே ஏறுகிறது. அடுத்து பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றி, இரண்டுக்கும் நடுவில் மீட்டரைக் கோத்தார். வெளியே போகிற கரண்ட் எல்லாம் அதற்குள் புகுந்துதான் போக வேண்டும். இரண்டு ஆம்பியர் என்று காட்டியதும் நான் துள்ளினேன். அவசரப்படாதீங்கம்மா, இப்பத்தானே கதவைத் திறந்தோம், வண்டி முழிச்சிருக்கு, அது தூங்க அரை மணி ஆகும் என்றார். கார் தூங்கும் என்று எழுபத்தைந்து வயதில்தான் தெரிந்துகொண்டேன், பார். இருவரும் முக்காலி போட்டு, தொட்டில் பக்கம் உட்கார்ந்த மாதிரி குரலைத் தணித்துக்கொண்டு காத்திருந்தோம். ஒரு மணி நேரம் ஆகியும் கால் ஆம்பியருக்குக் கீழே இறங்கவில்லை. நன்றாகத் தூங்கினால் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்கக் கூடாதாம். வண்டி தூங்கவே மாட்டேங்குதும்மா, உள்ள யாரோ முழிச்சுக்கிட்டு இருக்காங்க என்றார். கால் ஆம்பியர் வீதம் நான்கு நாள் என்றால் நம் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. என் செவ்வாய்க்கிழமை இம்மி பிசகாமல் வந்துவிட்டது, கை தட்டிவிட்டேன்.

கதவு திறந்திருப்பது வண்டிக்குத் தெரியாதபடி அதன் பூட்டை முன்பே ஸ்க்ரூடிரைவரால் மடக்கி வைத்திருந்தார். உள்ளே கையை விட்டு ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார், நான் வகுப்பில் பெயர் கூப்பிடுவது போல மீட்டர் காட்டிய எண்ணை உரக்கப் படித்தேன், இப்போது மில்லி ஆம்பியர் கணக்கு, ஆயிரம் சேர்ந்தால் ஓர் ஆம்பியர். இருநூற்றைம்பது, இருநூற்றைம்பது, இருநூற்று நாற்பது, பதினோராவதில் சடாரென்று முப்பது. இதாம்மா திருடன் என்றார். அங்கிருந்து கிளம்பிய ஒரு புது ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், ஸ்டியரிங்குக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. வண்டி எங்க போகுது, எங்க நிக்குதுன்னு போனுக்குச் சொல்ற பெட்டிம்மா, யாரு மாட்டினாங்க என்று கேட்டார்.

போன தடவை நீ வந்தபோது, வண்டியை சர்வீசுக்கு விட்டுட்டு வர்றேம்மா என்று அரை நாள் காணாமல் போனாயே, அது நினைவுக்கு வந்தது. கண் ஆஸ்பத்திரியும் வந்தது. அத்தையை அநியாயமாகச் சந்தேகப்பட்டதும் வந்தது. எலக்ட்ரீஷியன் பதிலுக்காக நிமிர்ந்து பார்த்தார். பெற்ற மகள் தாய்க்குத் தெரியாமல் வேவு பார்க்கிறாள் என்று ஒரு வெளி மனிதரிடம் எப்படிச் சொல்வேன்? நான்தான் மாட்டச் சொன்னேன், மறந்துட்டேன் என்றேன். வயசானா அப்படித்தாம்மா என்றார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் உன் அழைப்பை எடுக்காதது அதனால்தான், உடம்புக்கு ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் கோபம் இறங்கியது. நீ ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் வாரம், தினமும் உனக்குத் தெரியாமல் ஆட்டோ வைத்துக்கொண்டு கல்லூரி வாசல் வரை பின்னாலேயே வந்தவள் நான். இதுவரை சொன்னதில்லை. தாயைப் போல பிள்ளை என்று உன்னை மட்டும் எப்படித் திட்டுவது? பெட்டியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எலக்ட்ரீஷியனை மறுபடி வரவழைத்து, சாவி போட்டால் மட்டும் அது வேலை செய்கிற மாதிரி ஒயரை மாற்றச் சொல்லிவிட்டேன். இரண்டு செவ்வாய் ஆயிற்று, முதல் திருப்பிலேயே வண்டி எழுந்துகொள்கிறது. இனி வண்டி ஓடும்போது நீ தாராளமாகப் பார்த்துக்கொள். நிற்கும்போது அதைத் தூங்க விடு, நீயும் தூங்கு. கண்ணில் ஆரம்பப் புரைதானாம், பயமில்லை, கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடியின்றி நூறாண்டு வாழ என் ஆசீர்வாதம். வண்டி விற்பனைக்கு இல்லை. அம்மாவுக்கு மறதி இல்லை என்று அத்தைக்கு நீயே உன் வாயால் சொல்லிவிடு, இந்த வாரத்துக்குள்.

இப்படிக்கு,
ஒரே ஒரு தடவை, உனக்காக மட்டும் மறந்த
உன் அம்மா