நீங்கள் போடாத கோல்

அண்ணே,

இன்று காலை இவருக்குச் சவரம் செய்யச் சோப்பைக் குழைத்தேன். நீங்கள் வாங்கி வைத்துவிட்டுப் போன சோப்புதான். அந்த மணம் எழுந்ததும், நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவீர்கள் என்று காது ஒரு நொடி காத்திருந்தது. நீங்கள் போய் இருபது நாளாகிறது.

உங்களை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இவரைப் பக்கவாதத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, நான் வீட்டை ஒரு வார்டுபோல நடத்தினேன். மருந்து கொடுக்கும் நேரம், புரட்டிப் படுக்கவைக்கும் நேரம் எல்லாவற்றையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். பார்க்க வருகிறவர்களுக்குப் பத்து நிமிடம். நீங்களோ செமோர் பக்கத்து ஆட்களைத் தொழிற்சாலையில் இறக்கிவிட்ட கையோடு, சிலிபினில் எங்கள் சந்து முனையில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, "மச்சான்" என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிட்டுக்கொண்டு வருவீர்கள். நான் ரேசரை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், உங்களிடம் கன்னத்தைக் கொடுத்தார். அதற்காகத்தான் உங்களை உள்ளே விட்டேன்.

பேச்சு மட்டும் வரவில்லை. மருத்துவமனையில் கொடுத்த பட அட்டைகளைத் தினமும் காட்டினேன். நாற்காலி, குடை, கோழி. வகுப்பில் நிற்கிற குரலில் நான் சொல்வேன், இவர் சுவரைப் பார்ப்பார். ஐந்து மாதம் ஒரு சொல்கூட இல்லை. இனி வராது என்று நான் மனத்துக்குள் முடிவுகட்டிவிட்டேன்.

நீங்கள் இருவரும் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டே சவரம் செய்வீர்கள். பாதிக்கு மேல் தப்பு. அதே கதைகளை இருபது வருடமாக இவர் வாயால் கேட்டவள் நான். விடியற்காலைப் பெரட்டில் தொழிலாளிகளை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது நின்றபடியே தூங்கி விழுந்தது உங்கள் அப்பா. நீங்கள் அதை இவருடைய அப்பா தலையில் கட்டினீர்கள். வரலாறு கற்பிக்கிறவளுக்கு அது பொறுக்கவில்லை. திருத்தினேன். நீங்கள் பாட்டுக்குச் சவரத்தை முடித்தீர்கள். புறப்படும்போதுதான் குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள்.

"டீச்சர், நீங்க திருத்தாதீங்கலா. அவன் திருத்தட்டும்."

எனக்கு நம்பிக்கை இல்லை. இது என்ன வைத்தியம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் நீங்கள் இருவரும் கோலா கங்சார் தோட்டத்து அணியை எதிர்த்து ஆடிய பந்தாட்டக் கதையை எடுத்தீர்கள். கடைசி நிமிடத்தில் கோல் போட்டவர் இவர். அன்று ஜெயித்த கிண்ணம் இன்றும் எங்கள் கூடத்தில் இருக்கிறது. இவர் தாடையில் ரேசரை வைத்துக்கொண்டே, "அந்தக் கோல நாந்தானே போட்டேன். நீ கால் சுளுக்கி வெளிய உக்காந்திருந்த" என்றீர்கள்.

இவர் கழுத்து நரம்பு புடைத்தது. நுரை படிந்த உதடு கோணியது. நீங்கள் ரேசரை விலக்கிக்கொண்டு காத்திருந்தீர்கள்.

"நா... நான்."

"சரிலா, நீதான். அதுக்கு ஏன் இப்படி மொறைக்கிற?" என்றபடி மீதிக் கன்னத்தைச் சவரம் செய்தீர்கள்.

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அன்று உங்களுக்குக் கோப்பிகூடக் கலக்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். ஒன்றரை வருடம் அப்படியே போய்விட்டது. அதற்குள் உங்களைத் திருத்தித் திருத்தியே இவருக்கு முழு வாக்கியங்கள் வந்துவிட்டன.

உங்கள் இதயம் நின்றுபோன செய்தி வந்த அன்று பேச்சை நிறுத்தியவர், உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் வாய் திறக்கவில்லை. தாடி வளர்ந்துவிட்டது. மறுபடியும் சுவர்.

அதனால்தான் இன்று சோப்பைக் குழைத்தேன். இவர் முகத்தைத் திருப்பவில்லை. என் கைக்கு அந்த வேலை சரியாகத் தெரியாது. காதோரம் ஓர் இடத்தில் கீறிவிட்டேன். ஒரு பக்கம் முடித்ததும் ரேசரை விலக்கிக்கொண்டு, வாழ்நாளில் நான் தெரிந்தே சொன்ன முதல் தப்பைச் சொன்னேன்.

"அந்தக் கோல அண்ணந்தானே போட்டாரு?"

இவர் சுவரை விட்டு என்னைப் பார்த்தார். நுரைக்குள்ளே உதடு அசைந்தது.

"ஆமா," என்றார். "அவந்தான்."

நான் திருத்தவில்லை, அண்ணே.