ஜவாத் நானா பயணம் சொல்ல வந்தார்

மார்ச் 4, செவ்வாய்

காலை ஏழுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலில் உப்பு தின்ற புண் இரண்டு. தேங்காய் எண்ணெய் பூசினேன், எரிச்சல்.

இன்று இன்னும் ஐந்து பேர் சங்கத்தில் சேரக் கையெழுத்து வைத்தார்கள். விண்ணப்பம் எல்லாம் தலைவர் ஜவாத் நானா வீட்டு அலுமாரிக்குள். நான் செயலாளர். உப்பு வாரும் பெண்களில் ஓ/எல் வரை படித்தவள் நான் ஒருத்திதான், அதனால் வந்த பதவி. 24ஆம் திகதி, திங்கள், புத்தளம் லேபர் ஒபிசில் கொடுப்பதாக முடிவு.

கேட்பது: பெயர் பதிந்த வேலை; இப்போது காலையில் கூப்பிட்டால்தான் அன்றைக்கு வேலை. பூட்ஸ். பெண்களுக்கு ஒரு கக்கூஸ். மழைக்கு நின்ற வேலை திரும்பத் தொடங்கும்போது பழைய ஆட்களுக்கு முதலிடம்.

சீனி முடிந்துவிட்டது.

மார்ச் 5, புதன்

மு. வந்தார். (முதலாளி என்று முழுதாக எழுதக் கை வரவில்லை. என் கொப்பியிலேயே பயம்!) அவர் ஏசவில்லை. எல்லோருக்கும் பால் தேத்தண்ணி, பணிஸ். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சண்டை முடிஞ்சிட்டு. மன்னாருக்கு பஸ் ஓடுது. இங்க மனசு சரியில்லாட்டி ஊருக்குப் போகலாம், நான் மறிக்க மாட்டன்."

தொண்ணூறில் மன்னாரிலிருந்து எங்களை விரட்டியபோது உம்மாவின் இடுப்பில் இங்கே வந்தவள் நான். அங்கே வீடிருந்த எங்கள் வளவு இப்போது காடு. மு.வுக்கும் அது தெரியும்.

பணிஸைத் தின்றேன். பசி. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

ஜும்ஆ முடிந்து என் வீட்டுக்காரர் செய்தியோடு வந்தார். மு. தன் செலவில் ஜ. நானாவை மக்காவுக்கு, உம்ராவுக்கு அனுப்புகிறாராம். கூட நானாவின் உம்மாவையும். பயணம் 24ஆம் திகதியாம்.

அதே திங்கள்.

மார்ச் 18, செவ்வாய்

பாலாவிச் சந்தியில் ஜ. நானாவைப் பிடித்தேன். விண்ணப்பங்களை என்னிடம் தாருங்கள், நானே கொண்டுபோகிறேன் என்றேன். அது நம்பித் தந்த அமானிதம், போகுமுன் ஒப்படைக்காமல் போவேனா என்றார். நிம்மதி. அல்லாஹ்வின் வீட்டுக்குப் போகிறவர் அமானிதத்தில் பிசகுவாரா?

இரவு மீன் சொதி.

மார்ச் 22, சனி

அடுத்த பாத்தியில் உப்பு வாரும் ரிபாயா ஓடி வந்தாள். ஜ. நானா வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி விடைபெறுகிறார். போகிற இடமெல்லாம் மாப்புக் கேட்டு, அவரவர் விண்ணப்பத்தை அவரவர் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறார். ஒப்படைப்பது என்றால் அதுதானாம். நான்தான் மடைச்சி.

நீ ஏன் வாங்கினாய் என்று கேட்டேன்.

"கஃபாவுக்குப் போற மனுசன் மாப்புக் கேக்கக்குள்ள, முடியாதெண்டு சொல்ல ஏலுமா?"

அவள் அதை அடுப்பில் வைத்துவிட்டாளாம். மற்றவர்களும் வாங்கிவிட்டார்கள். ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. மு. வீட்டில் சும்மா இருந்தார், சங்கம் தானாகக் கலைந்தது.

மார்ச் 23, ஞாயிறு

அஸர் தொழுகைக்குப் பிறகு ஜ. நானா எங்கள் வீட்டுக்கும் வந்தார். என்ன கேட்பது என்று காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். கதிரை போட்டேன். இருக்கவில்லை. என் விண்ணப்பத்தை என் கையில் வைத்தார்.

"உம்மாக்குக் கண் போகப் போகுது தங்கச்சி. அதுக்குள்ள அவவுக்குக் கஃபாவைக் காட்டோணும். எனக்கு வேற வழியில்ல. மாப்புச் செய்யுங்க."

அழுதார். திட்டவும் முடியவில்லை. செய்துவிட்டேன் என்றேன். செய்தேனா? வாய் சொன்னது.

படியிறங்கப் போனவர் எல்லோரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார். "அங்க உங்களுக்கு என்ன துஆ கேக்க?"

நியாயம் கிடைக்க, மு.வுக்கு ஒரு பாடம் கிடைக்க, எங்கள் வளவு கிடைக்க. எத்தனையோ இருந்தது.

"நாளைக்கு என்னை வேலைக்கு எடுக்கக் கேளுங்க நானா" என்றேன்.