நீக்கலாம், நீக்க வேண்டும்

அன்புள்ள யாக்கோபு அண்ணனுக்கு,

பூப்பாறையிலிருந்து ரோசி. அண்ணியும் பிள்ளையும் சுகமாயிருக்க மாதாவிடம் வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே மழை விடவில்லை. அப்பாவுக்கு இருமல் பரவாயில்லை.

இணையதளங்கள் ஒன்றோடொன்று படம், செய்தி பகிர்ந்துகொள்ள விதி எழுதும் உங்கள் குழுவின் விவாதப் பக்கத்தில் எழுதினால் ஊரே படிக்கும். அதனால்தான் தபால்.

உங்கள் கல்யாணத்துக்கு என்னோடு வந்த அன்னமேரியை நினைவிருக்கும். புருஷனின் அடி தாங்காமல் பிள்ளையோடு கம்பத்திலிருந்து ஓடிவந்து, இங்கே ஹோம்ஸ்டேயில் சமையல் வேலை பார்த்தாள். அவள் இருக்குமிடம் அவனுக்குத் தெரியாமல்தான் இருந்தது.

திருவிழாப் படங்களை நான் எங்கள் பங்குக் கோயிலின் இணையதளத்தில் ஏற்றினேன். ஒன்றில் அவள் இருந்தாள். பார்த்ததும் பதறினாள். உடனே அழித்துவிட்டேன். அதைத் தானாக நகல் எடுத்திருந்த மற்ற தளங்களுக்கெல்லாம் நீக்கச் சொல்லி அறிவிப்பும் போனது. நீங்கள் வகுத்த நெறிமுறைதானே, அதை நம்பினேன்.

எர்ணாகுளத்துத் தளம் ஒன்றில் படம் அப்படியே இருந்திருக்கிறது. ஊர்ப் பெயரோடு. போன வாரம் அவள் புருஷன் அதைப் போனில் வைத்துக்கொண்டு ஜங்ஷன் கடைகளில் விசாரித்திருக்கிறான். "அழிச்சிட்டேன்னு சொன்னியே ரோசி, பெறகு எப்படி அவன் கையில இருக்கு?" என்று கேட்டாள்.

அந்தத் தளக்காரரிடம் கேட்டேன். நல்ல மனுஷர், உடனே எடுத்துவிட்டார். அறிவிப்பு வந்ததாம். நெறிமுறையில் 'நீக்கலாம்' என்றுதான் இருக்கிறது, 'நீக்க வேண்டும்' என்றிருந்தால் மென்பொருளை அப்படியே செய்திருப்பேன் என்றார்.

ஏன் இப்படி வகுத்தீர்கள் அண்ணா? அவளைப் பற்றி எதுவும் சொல்லாமல் குழுவில் பொதுவாகக் கேட்டபோது, இது அபூர்வமான நிலை, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள். ஒவ்வொரு தளத்துக்கும் சுதந்திரம் உண்டு என்றார் இன்னொருவர். கட்டாயம் என்று எழுதினாலும் கேட்காதவன் கேட்கமாட்டான் என்று நீங்கள் சொல்லக்கூடும். சரிதான். ஆனால் கேட்கத் தயாராக இருந்தவரிடமும் நீங்கள் சொல்லவில்லையே.

நேற்று விடியலில், கொட்டும் மழையில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். எங்கே என்று இதில் எழுதவில்லை. அவன் இன்னும் இங்கேதான் சுற்றுகிறான். இரண்டு முறை எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வாசலிலும் வந்து நின்றான்.

புதன்கிழமை உங்கள் கூட்டம். அந்த ஒரு சொல்லை மாற்றுங்கள் அண்ணா. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

மாதா உங்கள் வீட்டைக் காக்கட்டும். ஞாயிறு பூசையில் அவளுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள். பேரை மட்டும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.

உங்கள் தங்கை,
ரோசி