வியாழக்கிழமை உருளைக்கிழங்கு சாலட்

மெரிடியன், அக்டோபர் 19

அன்பு மகள் ரொஷெலுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் நலம், வலது முழங்காலும் நலம், இடது மட்டும் மழைக்கு முந்தின நாள் சண்டைக்கு நிற்கும். மினியாபொலிஸ் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ என்னைப் பேசி முடிக்க விடுவதில்லை, கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

நீ அனுப்பிய முதியோர் விடுதிப் புத்தகம் வந்தது. படங்களில் எல்லாக் கிழங்களும் பல்லைக் காட்டுகின்றன. அதைச் சமையலறை மேசையின் ஆடுகிற காலுக்குக் கீழே வைத்தேன், இப்போது மேசை ஆடுவதில்லை. அடுத்த மாதம் நன்றி நாள் விருந்துக்கு வரும்போது என்னை அங்கே சேர்த்துவிடுவதாக நீயும் உன் தம்பி டெரலும் பேசி முடித்ததை அவனே உளறிவிட்டான். எல்லாம் ஏப்ரலில் உன் அத்தை இயர்லீனை அடக்கம் செய்த அன்று நடந்ததால்தானே. ஆமாம், சர்ச் கூடத்துச் சாப்பாட்டுக்கு நான் செய்த உருளைக்கிழங்கு சாலட்டில் உப்புக்குப் பதில் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிட்டேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கொடுமை. முப்பத்தெட்டு வருடமாக "யாரு செஞ்சது" என்று கேட்டு, என் பெயரைச் சொன்ன பிறகே தட்டை நீட்டிய ஜனம் அது. ஜூலையில் சொந்தபந்தம் கூடியபோது நீயே சொன்னாய், அம்மா சிரமப்படாதே, பேப்பர் தட்டு மட்டும் வாங்கி வா என்று. நம் ஜனங்களில் கைப்பக்குவத்தை நம்ப முடியாதவளிடம்தான் பேப்பர் தட்டு வாங்கி வரச் சொல்வார்கள் என்பது உனக்குத் தெரியாதா? வாங்கி வந்தேன். வீட்டுக்குத் திரும்பி அழுதேன், அதை நீ அறியமாட்டாய்.

இனி நீ வெள்ளிக்கிழமை காலையில் போனில் கத்திய விஷயம். அம்மா பாரில் உட்கார்ந்திருந்தாள் என்று உன் காதில் போட்டது யாரென்று எனக்குத் தெரியும், அவளும் எனக்கு மூன்று மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக் கிளியோத்தா, அதுதான் முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவள், முந்தின நாள் வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து "எந்திரி, செவுத்தையே பாத்துக்கிட்டு இருந்தா செவுரு பதில் சொல்லுமா" என்று தெருமுனை லூதர் பாருக்கு இழுத்துப் போனாள். ஒரே ஒரு பீர் குடித்தேன், அதிலும் பாதி அவள் குடித்தாள். கெளுத்தி மீன் வறுவல் மொறுமொறுவென்று இருந்தது, பன்றிக்கால் போட்டு வேகவைத்த கீரையைக் குறை சொல்ல முடியாது, சோள ரொட்டியில் மட்டும் சர்க்கரை போட்டிருந்தான் அந்தப் பாவி. ஓரத்தில் மஞ்சளாக ஒரு குவியல் உருளைக்கிழங்கு சாலட். வழக்கம்போல "யாரு செஞ்சது இது" என்று கேட்டேன். லூதர் தலையைச் சொறிந்துகொண்டு, "டப்பாவுல வாங்குனது மிஸ் வெர்லீன், என் சமையக்காரி வேலைய விட்டுப் போய்ட்டா" என்றான். சுற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு தட்டிலும் மற்றதெல்லாம் காலி, அது மட்டும் அப்படியே இருந்தது.

"நீங்க செஞ்சு தருவீங்களா" என்று அவன் கேட்டு வாய் மூடவில்லை, அடக்கத்துக்கு வந்திருந்த தடியன் கர்ட்டிஸ், "லூதரு, மொதல்ல சக்கர ஜாடிய ஒளிச்சு வை" என்றான். பார் முழுக்கச் சிரித்தது, கிளியோத்தாகூடச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். எனக்கு முகம் எரிந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குத்தான் கிளம்பினேன் ரொஷெல். வெளியே போனால் இனி சாகும்வரை பேப்பர் தட்டுதான் என்று தோன்றியது, சமையலறைப் பக்கம் திரும்பிவிட்டேன். கர்ட்டிஸைப் பார்த்து, "சக்கரையும் இருக்கட்டும், உப்பும் இருக்கட்டும், நீ மட்டும் எடத்த விட்டு நகராத" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

உருளைக்கிழங்கும் முட்டையும் வேகவைத்து ஆறவைத்தேன், சூட்டோடு கலந்தால் குழைந்துபோகும் என்பதால் அத்தனை பேரையும் காக்கவைத்தேன். செலரி, ஊறிய வெள்ளரிக்காய், கடுகு விழுது, மயோனைஸ், எதை எடுத்தாலும் முதலில் நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஏப்ரலில் அப்படிப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பதினோரு இரவு தூங்காமல் இயர்லீன் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணோடு, மூக்கைச் சிந்திக்கொண்டே கிண்டினேன். கிண்ணத்தைக் கர்ட்டிஸ் முன்னால் வைத்தேன். ஒரு கரண்டி வாயில் போட்டான், கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான், கிளியோத்தா பிடுங்க வேண்டியதாயிற்று. அந்த நேரம் பார்த்து நம் சர்ச் டீக்கன் ஹோலிஸ் உள்ளே வந்து, "யாரு செஞ்சது" என்றார். கர்ட்டிஸ்தான் சொன்னான், "மிஸ் வெர்லீன் செஞ்சது" என்று. ஏப்ரலில் அந்தச் சர்க்கரை சாலட்டைத் தின்றவர் அவர். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றார், பிறகு தட்டை நீட்டினார். இனி வியாழக்கிழமைதோறும் அங்கே நான்தான் செய்கிறேன். லூதர் பலகையில் வேறெதுவும் எழுதவில்லை, சாலட் பெயரும் என் பெயரும்தான்.

நான் மறப்பதே இல்லை என்று சொல்லவில்லை. போன வாரம் அடுப்பில் கெண்டியை வைத்துவிட்டு மறந்தேன், உன் கடைக்குட்டியின் பெயர் ஒரு நிமிடம் வரவில்லை, பயந்துபோனேன். இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். உப்பை நாக்கில் வைத்து அது உப்பென்று எனக்குத் தெரியாத நாள் வந்தால் நானே உன்னைக் கூப்பிட்டு அந்தப் புத்தகத்தைக் கொண்டு வரச் சொல்வேன். அதுவரை அது மேசைக் காலுக்குக் கீழேயே இருக்கும்.

விருந்து என் வீட்டில்தான், சாலட் நான்தான். டெரலிடம் ஐஸ் வாங்கி வரச் சொல்லியாயிற்று. கர்த்தர் உங்கள் எல்லோரையும் வழியெல்லாம் காத்து, கைபிடித்துக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தம். ஒன்று மறந்துவிடாதே, பேப்பர் தட்டு நீ வாங்கிக்கொண்டு வா. தடிமனாகப் பார்த்து வாங்கு, மெல்லியது என் சாலட்டைத் தாங்காது.

இப்படிக்கு,
இன்னும் தன் வீட்டிலேயே இருக்கிற உன் அம்மா,
வெர்லீன் மேய்ஃபீல்ட்