ஒட்டகச்சிவிங்கி பார்க்கும் திட்டம்

அண்ணை,

நேற்று அலுமாரியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்த உங்கள் மகள், அடித்தட்டிலிருந்து ஒரு பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது ஆரின்ர, அன்ரி?" என்றாள். டோர்செட் பார்க்குக்கு வீடு மாறியபோது எத்தனையோ சாமான்களை எறிந்தோம். இதை எறிய மட்டும் கை வரவில்லை. தோல் உறையில் உங்கள் சுருட்டு மணம் இன்னும் இருக்கிறது. மணந்து பார்த்ததும் நீங்கள் பின்னால் வந்து நிற்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்தேன்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுண் வீட்டில் நானும் என் மனுசனும் அறையில், நீங்கள் ஹோலில் வாடகைக்கு. ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவிவிட்டுப் பின்னேரம் வந்து, குசினி மேசையில் ஆப்பிரிக்காவை விரிப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் அகப்பட்டுக் கிடந்த மனைவியையும் மகளையும் நைரோபி வழியாகக் கூப்பிடுவதென்று ஏஜென்டோடு பேசியிருந்தீர்கள். அங்கே இமிகிரேசன்காரன் கேட்டால், காட்டு மிருகம் பார்க்க வந்த உல்லாசப் பயணிகள் என்று அவர்கள் சொல்லவேண்டும். ஒப்புக்குச் சொல்லும் கதைதான். நீங்களோ அதை மெய்யான பயணமாகவே திட்டமிடத் தொடங்கிவிட்டீர்கள்.

லைப்ரரியிலிருந்து சிங்கப் புத்தகங்கள் வந்தன. சரணாலயத்தின் வரைபடம் குசினிச் சுவரில் ஏறியது. பயண முகவர் கடையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம், வெள்ளிக்கிழமை அங்கே மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வந்தீர்கள். மனைவிக்கு எழுதியதை எனக்கும் வாசித்துக் காட்டினீர்கள்: "எந்த மிருகம் பார்க்க வந்தனீர் எண்டு கேட்டால் ஆனை எண்டு சொல்லிப்போடாதையும். ஆனை பார்க்க ஆர் இலங்கையிலயிருந்து ஆப்பிரிக்கா போறது? ஒட்டகச்சிவிங்கி எண்டு சொல்லும்."

கூடாரத்தில் தங்கினால் மலிவாம் என்று வாயை விட்டேன். முறைத்தீர்கள்.

"குமர்ப்பிள்ளையைக் காட்டுக்குள்ள கூடாரத்தில படுக்க விடேலுமே, பிள்ளை?"

"போகாத இடத்துக்கு ஏன் அண்ணை உந்தப் பாடு?"

"ஆர் சொன்னது போகாத இடமெண்டு? ஒரு நாளாவது நிண்டு பார்த்திட்டு வரட்டும். என்னைக் கட்டின நாளிலயிருந்து அவ ஒரு இடமும் பார்க்கேல்லை."

அதற்குப் பிறகு நான் பகிடி பண்ணவில்லை. மனைவி வந்து சேர்ந்ததும் ஒருமுறை மூன்று பேருமாகப் போவதற்கென்று பழைய சாமான் கடையில் அந்தப் பைனாகுலரை வாங்கினீர்கள். பல்கனியில் நின்று புறாக்களைப் பார்த்துப் பழகினீர்கள்.

ரிக்கற் சரிவந்த நாளில் பஞ்சாங்கத்தை எடுத்தீர்கள். வெளிக்கிடும் நாள் அட்டமி. உங்கள் முகம் கறுத்துப்போனது.

"அட்டமி, நவமி கழியட்டும். தசமியில வெளிக்கிடட்டும்."

"ஷெல் விழுற ஊரில இருந்துகொண்டு அட்டமி பார்க்கேலுமே, அண்ணை?"

"கடல் கடந்து போற பயணம், பிள்ளை. முதல் அடி பிசகக்கூடாது."

கொழும்பில் இருந்த மைத்துனருக்கு ரெலிபோன் எடுத்து நாளை மாற்றினீர்கள். நவமியன்று உங்கள் வீட்டின்மேல் ஷெல் விழுந்தது. கிணற்றடியில் நின்ற மகள் தப்பினாள். மனைவி உள்ளே, பயணத்துக்கென்று உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாராம்.

நீங்கள் அழுது நான் பார்க்கவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அடுத்த கிழமையே மறுபடி வரைபடத்துக்கு முன்னால் போய் இருந்தீர்கள். "அங்க இப்ப விடியிற நேரம், பிள்ளை. அவ எழும்பியிருப்பா. மிருகங்கள் தண்ணி குடிக்க வரும்" என்றீர்கள். நான் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அட்டமி என்ற சொல்லை அதன்பிறகு நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அந்த மாரிக்குளிர் முடிவதற்குள் நெஞ்சுநோ என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை.

மகள் பிறகு வேறு வழியால் வந்து சேர்ந்தாள். இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். கெட்டிக்காரி, உங்களைப்போல வாய்க்காரி. நேற்றுப் பைனாகுலரின் கதையைச் சொன்னதும் சிரித்தாள். "அப்பா எழுதினதெல்லாம் அம்மா எனக்குப் பாடமாக்கித் தந்தவ, அன்ரி. ஒட்டகச்சிவிங்கி என்ன தின்னுமெண்டும் தெரியும்" என்றாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏன் அன்ரி எங்கட பயணம் பிந்தினது? கொழும்பு மாமா ஒரு காரணமும் சொல்லேல்லை. அம்மா அண்டைக்கு முழுக்க அழுதவ."

என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உங்கள் கண்கள்தான் அவளுக்கும்.

"பிளேனில சீற் கிடைக்கேல்லை, பிள்ளை" என்றேன். "உன்ர அப்பா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தவர்."

"எனக்குத் தெரியும். அப்பாவெண்டால் ஒரு நாளும் பிந்த விட்டிருக்கமாட்டார்" என்றாள்.

இனி எத்தனை தரம் கேட்டாலும் அவளுக்கு இதையேதான் சொல்வேன், அண்ணை. அங்கே அவளின் அம்மாவுக்கு நீங்கள் என்ன சொன்னீர்களோ, எனக்குத் தெரியாது.