இடது காலுக்கு ஒரு வேலை

என்னங்க,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. நான் முதல் பஸ்ஸில் தென்னேரிக்கு, தங்கை வீட்டுக்குப் போகிறேன்.

பன்னிரண்டு மணிக்கு மெக்கானிக் முனிரத்தினம் வருவார். காரின் ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு, கிளட்ச் வைத்த கியர் பெட்டி போட நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். போட்டால் எனக்கு ஓட்டத் தெரியாது. செவ்வாய்தோறும் எதிர்வீட்டு அன்னம்மாளை செவிலிமேட்டுக்கு, முட்டிப் பயிற்சிக்கு அழைத்துப் போவது நான்தான். இனி பஸ்ஸில் போகும்படி நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வராது.

உங்கள் மேலும் தப்பில்லை. முப்பது வருடம் தறி மிதித்த இடது கால் சும்மா இருக்குமா? கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை மிதிக்கிறது. வெள்ளிக்கிழமை நீங்கள் மிதித்ததில், அம்பாளுக்கு உடைக்க வேண்டிய தேங்காய் என் மடியிலிருந்து பறந்து டேஷ்போர்டில் உடைந்தது.

அதனால் நேற்று முனிரத்தினத்தைக் கூப்பிட்டு, பழைய தறியின் மிதிக்கட்டையில் ஒரு துண்டு அறுத்து, காரில் பிரேக்கை விட்டுத் தள்ளி இடது ஓரத்தில் பொருத்த வைத்தேன்.

“இன்னாம்மா, இது எதோடயும் சேரலயே?” என்றார் முனிரத்தினம்.

“அவரு கால் சேர்ந்தா போதும்பா,” என்றேன்.

ஓட்டிப் பாருங்கள். பிறகும் மனம் மாறாவிட்டால் கியரை மாற்றுங்கள். நான் தடுக்கமாட்டேன்.

திலகவதி

சாவி விபூதி டப்பாவுக்குள் இருக்கிறது. நெற்றியில் இட்டுக்கொண்டு எடுங்கள்.

சொல்ல மறந்தேன், இன்று செவ்வாய். ஒன்பது மணிக்கு அன்னம்மாள் வாசலில் நிற்பார். நீங்கள் அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டேன். மடியில் வைத்துக்கொள்ள ஒரு தேங்காயும் கொடுத்திருக்கிறேன். அது முழுசாக வீடு திரும்பினால் சாயங்காலம் பாயசம்.