குருமார் வரிசை

அக்டோபர் 6, ரிஷிகேஷ்

காலையில் மூன்று பேருக்கு மந்திரம் கொடுத்தேன். மதியம் ராஜ்மா சாதம். நன்றாகப் போன நாளை சாயங்காலக் கூட்டம் கெடுத்தது.

இனி எங்கள் தியான மையத்தில் குரு பூஜை கிடையாதாம். பூவும் பழமும் வைத்து, குருமார் பெயர்களை வரிசையாகச் சொல்லி வணங்கிய பிறகுதான் காதில் மந்திரம் ஓதுவோம். மையத்தைத் தொடங்கிய சுவாமிஜி வைத்துவிட்டுப் போன முறை. தியானம் சொல்லித்தரப் போகும் வெளிநாட்டுப் பள்ளிகளில் அதை மதம் என்கிறார்களாம்.

நிர்வாகி கிரீஷ் டோபாலுக்கே மந்திரம் கொடுத்தவள் நான். "தீதி, மந்திரம் அதேதானே இருக்கு? பூஜை வெறும் உறை. பிரிச்சுப் போட்டா என்ன குறைஞ்சிடும்?" என்கிறான்.

உறையாம்! கூட்டம் முடியுமுன்பே எழுந்து வந்துவிட்டேன். அந்த வார்த்தை இன்னும் எரிகிறது.

அக்டோபர் 7

இன்றும் பூஜையோடுதான் கொடுத்தேன். யார் தடுக்கிறார்கள், பார்க்கலாம்.

அக்டோபர் 9

தடுத்துவிட்டார்கள். பூஜை அறைக்குப் பூட்டு. சுவாமிஜியின் படத்தை வரவேற்பறையில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

உத்தரகாசிக்குப் போகிறேன். சுவாமிஜியின் குரு இருந்த மடம் அங்கேதான். மடத்துத் தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் இவன்கள் அடங்குவான்கள்.

அக்டோபர் 12, உத்தரகாசி

மடத்துத் தலைவர் மஹந்த்ஜி மரியாதையாக உட்கார வைத்தார். டீ வந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு, பூஜையை எடுப்பது பாவம்தான் என்றார். அப்பாடா என்றிருந்தது. மந்திரம் கொடுப்பது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"நீயா? எங்க பரம்பரையில பொம்பளைங்க மந்திரம் கொடுக்கறதில்லம்மா. உங்க சுவாமிஜிக்கே யாரும் அந்த அதிகாரம் கொடுக்கல. இங்க விறகு வெட்டிட்டிருந்தார். அவர் சாதிக்கு அவ்வளவுதான். நீங்க பூஜையில சொல்ற பேரெல்லாம் எங்களோடது."

சத்தம்கூடப் போடவில்லை, மனுஷர். டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன்.

அக்டோபர் 13

எனக்கு யார் மேல் கோபம்? பெயர்களைத் தூக்கிப் போடுகிறவன் மேலா, பூட்டி வைத்துக்கொள்கிறவர் மேலா? வரிசை, வரிசை என்று கத்தினேனே — அந்த வரிசை என்னை வாசலிலேயே நிறுத்துகிறது. சுவாமிஜி அதை மீறித்தான் என்னை மந்திரம் கொடுக்க உட்கார வைத்தார். அப்போ அவரும் மாத்தினவர்தானே? கிரீஷை நான் எந்த வாயால கேட்பேன்?

இல்லை. அவர் என்னைச் சேர்த்துக்கொள்ள மீறினார், ஒரு பெயரையும் விடவில்லை. இவன் பெயர்களை விட்டால்தான் வெளிநாட்டில் ஆள் சேரும் என்கிறான். ரெண்டும் ஒண்ணா? ஒண்ணில்ல.

அக்டோபர் 15

மையத்திலிருந்து விலகிவிட்டேன். மடத்தில் என்ன சொன்னார்கள் என்று கிரீஷ் கேட்டான். சொல்லவில்லை. சொன்னால் அவனுக்குத் தோதாகப் போய்விடும்.

அக்டோபர் 22

கீழ்த்தெருவில் தைக்கிற குந்தி, தனக்கும் மந்திரம் வேண்டும் என்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 2

குந்தி வந்தாள். செண்டுமல்லியும் ஒரு கொய்யாவும் கொண்டுவந்திருந்தாள். சமையலறை மேடையைத் துடைத்து அதில் வைத்தேன்.

பெயர்களை முதலிலிருந்து சொன்னேன். எங்கள் இருவரையும் வாசல்படி ஏற விட்டிருக்காதவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. கடைசியில் சுவாமிஜி பெயரைச் சொல்லிவிட்டு, அவள் காதருகே குனிந்தேன்.